சுகிர்தா கடைக் கம்ப்யூட்டர்

தட்டார்விளை பஜாரில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப்போட்டு, ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வயிற்றையும் சேர்த்து ஓடவைக்கிற பொன்சிங்குக்கு ஜெயக்கனி என்று ஒரு பெண்டாட்டி இருந்தாள், ஜெயக்கனிக்குப் பொறாமை என்று ஒரு சீக்கு இருந்தது, அந்தச் சீக்குக்குச் சுகிர்தா என்று ஒரு பெயர் இருந்தது. சுகிர்தா பொன்சிங்கின் சொந்த அத்தை மகள். அவளுக்கும் அவனுக்கும் பேசி முடிப்பதாக இருந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவருக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றவில்லை என்று இரண்டு குடும்பமும் முறுக்கிக்கொண்டதில் அந்தப் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் ஜெயக்கனி வந்தாள். பாயசம் ஊற்றாதவன் கை நன்றாயிருக்கட்டும் என்று ஆரம்பத்தில் நினைத்தவள், வெளியூரில் வாழப்போன சுகிர்தா புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து பஜாரிலேயே டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கடை போட்ட நாளிலிருந்து, இன்னும் ஒரு கரண்டி ஊற்றித் தொலைத்திருந்தால் இவள் ஊரை விட்டே போயிருக்கமாட்டாளே, நானும் வேறெங்காவது நிம்மதியாக வாக்கப்பட்டிருப்பேனே என்று நினைக்க ஆரம்பித்தாள்.

பொன்சிங் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூடிப்போன பிரௌசிங் சென்டர்களிலிருந்தும் ஏலம் விடுகிற பள்ளிக்கூடங்களிலிருந்தும் அவன் சாக்கு சாக்காகச் சாமான்களை அள்ளி வருவான், ஜெயக்கனி கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, ஓடுகிறவற்றில் வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டி 'நல்லது' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதுவாள், ஓடாதவற்றைப் பிஸ்கட் டின்னில் போடுவாள். அவள் 'நல்லது' என்று எழுதியதை அவன் திரும்பச் சோதித்ததே கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு குறைவுதான், கொஞ்சல் அதைவிடக் குறைவு, ஆனால் அந்தக் காகிதத் துண்டை வைத்து அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சுகிர்தா வந்து கடைவாசலில் நின்று, "அத்தான், எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சேத்துத் தாங்க, புதுசு வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது" என்றாள். முறைப்படி அத்தானை அத்தான் என்றுதான் கூப்பிட வேண்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை, இருந்தாலும் அந்த 'தா'வை அவள் கொஞ்சம் இழுத்ததாக ஜெயக்கனிக்குக் கேட்டது. பொன்சிங் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தான். கீறல் விழுந்த பெட்டிக்குப் பெயின்ட் அடித்தான், உள்ளே இருக்கிற ஒயர்களையெல்லாம் ஜடை பின்னுவதுபோல வரிசையாகக் கட்டினான், காற்றாடியில் ஒட்டியிருந்த தூசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். ஜெயக்கனியின் மிக்ஸிக்கு ஸ்விட்ச் மாற்ற வருஷக்கணக்காக நேரம் கிடைக்காத மனுஷன். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு போய்ப் பிஸ்கட் டின்னைக் கிளறி, செத்ததும் இல்லாமல் பிழைத்ததும் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு ரேம் துண்டை எடுத்து, காகிதம் ஒட்டி, எழுத்து கொஞ்சமும் கோணாமல் 'நல்லது' என்று எழுதி, "இந்தாங்க, இதைப் போடுங்க" என்று கொடுத்தாள். அவன் வாங்கி, ஏற்கெனவே மாட்டியிருந்த ரேமுக்குப் பக்கத்தில் இதையும் மாட்டினான்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும், சுகிர்தா எரிச்சல் படுவாள், பொன்சிங்கின் கைராசியைப் பற்றி ஊரில் ஒரு வார்த்தை சொல்லுவாள், இவனுக்கு அவள்மேல் கோபம் வரும் என்பதுதான் ஜெயக்கனி போட்ட கணக்கு. கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் ஓடியது. மற்றதெல்லாம் அவள் நினைத்தபடி நடக்கவில்லை. மறுநாள் காலையில் போன் வந்தது. "அத்தான், திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." பொன்சிங் சட்டையை மாட்டிக்கொண்டு, அஞ்சு நிமிஷத்துல வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். "இதுவா அஞ்சு நிமிஷம்?" என்று கேட்டதற்கு, "அஞ்சு நிமிஷம்கூட ஆகல, போனேன், பெட்டியத் தொறந்தேன், மூடுனேன், வந்துட்டேன்" என்று வேதத்தில் கைவைத்துச் சொல்கிறவனைப் போலச் சொன்னான். பொய் சொல்லும்போது பொன்சிங்குக்குக் காது சிவக்கும். காது சிவக்கவில்லை. அதுதான் ஜெயக்கனிக்குத் தாங்கவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். அந்தக் கம்ப்யூட்டரின் மெதுவு பெட்டிக்குள் அடங்காமல் வெளியே வழிந்திருந்தது. மேஜையைச் சுற்றி ஆள் கை நீட்டுகிற தூரத்துக்கு எல்லாமே அதன் வேகத்துக்குத்தான் நடந்தது. சுகிர்தா திங்கட்கிழமை வைத்த மல்லிகைப்பூ அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அப்படியே இருந்தது. அவளுடைய டம்ளரில் டீ ஆறவில்லை. கரண்ட் போனால் உள்ளே கண் சிமிட்டுகிற நேரத்துக்கு இருட்டி, பிறகு வெளிச்சமாகிவிடும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே இருக்கிறவர்கள் குளத்துக்கு அடியில் நடக்கிறவர்கள்போலத் தெரிந்தார்கள். காலையில் ஒன்றைக் கேட்டால் பதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து சேர்ந்தது.

ஊர் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. பூக்காரப் பேச்சியம்மாள்தான் முதலில் விற்காத பூக்கூடையைக் கொண்டுபோய் மேஜைக்கு அடியில் தள்ளினாள், பார்த்துவிட்டுப் பால்காரர் கேனைத் தள்ளினார், ஐஸ் விற்கிறவர் பெட்டியைத் தள்ளினார், இடத்தகராறு வந்ததும் நாலு பேர் கூடிப் பேசி, மெதுவு எதுவரைக்கும் இருக்கிறது என்று ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி நகர்த்தி நகர்த்திப் பார்த்து, புகை தயங்குகிற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே ராகுகாலம் சீக்கிரத்தில் வந்து சேராது என்று தெரிந்ததும் புதுக்கணக்குப் போடுகிற வியாபாரிகள் எல்லாம் அங்கே வந்து நின்று பிள்ளையார்சுழி போட்டார்கள். திருச்செந்தூர் ரோட்டில் வேன் பஞ்சராகி முகூர்த்தத்தைத் தவறவிட்ட ஒரு மாப்பிள்ளையை நாதஸ்வரத்தோடு ஓட்டிக்கொண்டு வந்து, முன்னேற்பாடாகக் கோட்டுக்குள் நிறுத்தி வைத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் தள்ளினார்கள், புரோகிதர் தன் கடிகாரத்தைப் பார்த்து, பெண்ணின் கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் பெண்ணிடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பரீட்சைக்குப் படிக்கவென்று உள்ளே போய் உட்கார்ந்த பிள்ளைகள் மட்டும் ஒரு பாடம் முடித்து வெளியே வந்தபோது பரீட்சையே முடிந்திருந்ததால், படிப்புக்கு அந்த இடம் ஆகாது என்று ஹெட்மாஸ்டர் சுற்றறிக்கை விட்டார். எல்லோரிலும் சமர்த்து, புருஷன்மார் மஸ்கட்டிலும் தம்மாமிலும் இருந்த பெண்கள்தான். அவர்கள் கோட்டுக்குள் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டு, முறுக்குப் பையும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்து, பிரிவை ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குச் சுருக்கிக்கொண்டார்கள்.

தூரதேசத்தில் புருஷன் இருந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து காத்திருப்பைக் கழித்தார்கள், அதே பஜாரில் புருஷன் இருந்த ஜெயக்கனி வெளியே நின்று காத்திருந்தாள்.

ஏனென்றால் பொன்சிங் விடுவதாக இல்லை. தான் சேர்த்துக் கொடுத்த ஒரு மிஷின் மெதுவாக ஓடுவது, அதனால் ஊருக்கே நல்லது நடந்தாலும், அவனுக்குக் கௌரவப் பிரச்சினை. போனான், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான், இன்னும் மெதுவானது. காற்றாடியை மாற்றினான், இன்னும் மெதுவானது. பவர் பெட்டியை மாற்றினான், பழைய டிஸ்க்கைக் கழற்றி வேறு பழைய டிஸ்க் போட்டான், பட்டன் பேட்டரியை மாற்றினான், ஒவ்வொன்றுக்கும் அது இன்னும் இன்னும் மெதுவானது, சாயங்காலம் வந்துகொண்டிருந்தவன் மறுநாள் வந்தான், அப்புறம் சந்தை நாளுக்கு வந்தான், அப்புறம் சர்ச்சில் ஊருக்குச் சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு வந்தான், கிறிஸ்துமஸுக்கு வந்தான், ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் போய்விட்டு வந்தவனுடைய முகத்தோடு வந்து, "சோறு இருக்கா?" என்று கேட்டான். ஜெயக்கனி கடையைத் தனியாக நடத்தினாள், தனியாகச் சாக்குகளைப் பிரித்தாள், தனியாக 'நல்லது' எழுதினாள். எழுதும்போதெல்லாம் கை கூசியது.

சுகிர்தா கடையின் வாசலை மிதிக்கமாட்டேன் என்று அவள் சபதம் செய்திருந்தாள். எதிர்க்கடையில் எலுமிச்சம்பழம் பொறுக்குவதாகப் போய் நிற்பதற்குச் சபதத்தில் தடை இல்லை. ஒரு நாள் அப்படி நின்றபோது, பொன்சிங்கின் கை சுகிர்தாவை நோக்கி நீள ஆரம்பிப்பதைப் பார்த்தாள். கை நீண்டது. ரேஷன் கடை திறந்தது, கை நீண்டுகொண்டே இருந்தது. தபால்காரர் வந்து போனார், கை நீண்டுகொண்டே இருந்தது. சுகிர்தாவும் தன் கையை நீட்டினாள், அவள் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது, அதை அவன் வாங்கினான். ஒரு ஸ்க்ரூடிரைவரை விரலில் விரல் படாமலும் வாங்கலாம். பட்டது. பட்டது என்றால் பஸ் ஸ்டாண்டு மைக்கில் மூன்று பாட்டு போட்டு முடிகிறவரைக்கும் பட்டது. அதற்கு மேலே சுகிர்தா சிரிக்க வேறு செய்தாள், ரேஷன் கடை மூடுகிறவரைக்கும் சிரித்தாள். நீங்களோ நானோ உள்ளே இருந்திருந்தால் அது சாமானை வாங்கும்போது சும்மா ஒரு முகம் மலர்வது, அவ்வளவுதான். வெளியே நின்ற ஜெயக்கனி அதை அரை நாள் முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. கையில் இருந்த பழத்தைச் சாறு வழிகிற அளவுக்குப் பிசைந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த ரேமைக் கழற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். கழற்ற வேண்டுமானால் அங்கே போக வேண்டும். போனால், ஏன் இதை எடுக்கிறாய் என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று தோன்றியது, அப்படித் தோன்றித் தோன்றியே வருஷங்கள் போயின. அவளுக்குக் காதோரம் நரைத்தது, அப்புறம் உச்சியில் நரைத்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது, பேப்பர் படிக்கக் கண்ணாடி வந்தது. பொன்சிங் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற மாதிரியே இருந்தான். சுகிர்தாவைக் கேட்கவே வேண்டாம்.

ஈஸ்டருக்கு வெளியே வந்த புருஷனோடு ஜெயக்கனி திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். பந்தியில் எதிரே உட்கார்ந்த ஒரு அம்மாள், நல்ல மனதோடுதான், கேட்டாள்: "தம்பிய எங்க பாத்தாலும் உங்க சாடைதான். தம்பிக்கு இன்னும் பொண்ணு பாக்கலையோ?"

ஜெயக்கனி இலையைப் பாதியில் மூடினாள். பொன்சிங் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளைக் கொன்றது. மறுநாள் அவன் வழக்கம்போல அஞ்சு நிமிஷம் என்று கிளம்பிப்போனான், மழை பெய்து வெயில் அடித்து, அடுத்த தவக்காலமும் வந்த பிறகு, ஒரு பட்டப்பகலில், சபதமாவது மண்ணாங்கட்டியாவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜெயக்கனி பஜார் முழுக்கப் பார்க்கச் சுகிர்தா கடைக்குள் நுழைந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாள்.

தாண்டியதும் பஜார்ச் சத்தம் கொசுச் சத்தமாகக் கீச்சிட்டு அடங்கியது. உள்ளே ஒன்றுமே நடந்துகொண்டிருக்கவில்லை. பொன்சிங் குத்தவைத்து உட்கார்ந்து, பென்சில் அழிக்கிற ரப்பரால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். சுகிர்தா கன்னத்தில் கைவைத்து, அச்சடிக்காத கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் முறுக்கு தின்றார்கள். இத்தனை காலம் அவள் படுக்கையில் புரண்டு புரண்டு என்னென்னவோ நினைத்துப் பார்த்த அந்தச் சரசமெல்லாம், வேலை ஓடாத ஒரு மத்தியான நேரத்துச் சலிப்பாக அங்கே உட்கார்ந்திருந்தது.

பொன்சிங் நிமிர்ந்தான். "ஏட்டி, நீயா? இப்பதான வந்தேன், அதுக்குள்ள பின்னாலயே வந்துட்டியா?" என்றவன் அவள் தலையைப் பார்த்தான். "என்னட்டி, தலையெல்லாம் மாவு? இடியாப்பத்துக்கு இடிச்சியா?" என்று எழுந்து கைநீட்டி, அவள் காதோரத்தைத் தட்டிவிட்டான். மாவு உதிரவில்லை. இன்னொரு தடவை தட்டினான். அப்புறம் விரலால் ஒரு முடியைப் பிரித்து உற்றுப் பார்த்தான், அவள் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். பண்டிகைக்குப் பண்டிகை வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் போனவன், இத்தனை நாளும் அவளைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"எம்புட்டு நாளாச்சி தவம் கெடக்க மாதிரி நிக்கேன்" என்றாள் ஜெயக்கனி. "இந்த ஒரு மிஷின்ல அப்படி என்னத்தத்தான் பாக்கீங்க?"

"எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு."

"எல்லாத்தையுமா?" அவள் பெட்டிக்குள் கையைக் காட்டினாள். அங்கே, சுற்றிலும் புதிதாக மாட்டிய பழசுகளுக்கு நடுவில், அவள் எழுத்தோடு அந்த ரேம் நின்றது. "அத?"

"அது எதுக்கு? அதுல நீ நல்லதுன்னு எழுதியிருக்கியே" என்றான் பொன்சிங், கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

ஊரில் இருக்கிற அத்தனை பொண்டாட்டிமாரும் கேட்க ஏங்குகிற பேச்சு அது, தனக்கு வந்து சேரும்போது இப்படியா வந்து சேர வேண்டும் என்று ஜெயக்கனிக்கு அழுகை முட்டியது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நம்பினானாம். நம்பிவிட்டு இங்கே வந்து இளமையாக உட்கார்ந்துகொண்டானாம், நம்பப்பட்டவள் அங்கே நரைத்துக்கொண்டிருந்தாளாம்.

"நீங்க வெளியில போங்க" என்றாள். "கடையத் தொறங்க, சோறு வைங்க, சாக்கப் பிரிங்க. இத நான் பாக்கேன்."

"நீ எப்படி..."

"போங்கன்னா போங்க."

அவன் கோட்டைத் தாண்டியதும் காற்று இழுத்துக்கொண்டு போனதுபோல விர்ரென்று மறைந்தான். ஜெயக்கனி அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். ரேம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தாள். அவனும் காத்திருக்கட்டும், அவனுக்கும் நரைக்கட்டும், யாராவது ஒருத்தி அவனிடம் என்னைக் காட்டி, உங்க தங்கச்சியா என்று கேட்கிறவரைக்கும் இங்கேயே இருப்பேன் என்று நினைத்தாள்.

சுகிர்தா டீயை இரண்டாகப் பிரித்து ஒரு டம்ளரை அவளிடம் நகர்த்தினாள். "அக்கா, எப்படியாச்சும் சரி பண்ணித் தாங்க. பத்திரிகை அடிச்சு முடிக்கதுக்குள்ள அந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்குக் காது குத்திருதாங்க. என்கூடப் படிச்சவ ஒருத்தி நேத்து வந்தா, அவ அம்மான்னு நெனச்சிப் பேசிட்டேன். எனக்குப் பயமா இருக்குக்கா."

"ஒங்க அத்தான் என்ன பேசுவாரு இங்க?" என்று கேட்டாள் ஜெயக்கனி. அதைக் கேட்காமல் அவளால் டீயைக் குடிக்க முடியாது.

"அவுகளா? லைட்டப் பிடிம்பாக, ஃபேன நிறுத்தும்பாக. வேற என்னத்தப் பேசுதாக? இன்னும் கொஞ்சம் இருந்தா நானே தூங்கிருவேன்."

ஜெயக்கனி டீயைக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. வாசலில் வெயில் மழையாக மாறி, மழை வெயிலாக மாறிப் போய்க்கொண்டிருந்தது. பொன்சிங் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான், அவள் ஒரு வாய் குடித்து நிமிர்ந்தபோது அவனுக்கு மீசையில் ஒரு வெள்ளை இருந்தது. இன்னொரு வாய் குடித்து நிமிர்ந்தபோது இரண்டு காதோரமும் வெளுத்திருந்தது. தூக்கைப் பிடித்த கை கொஞ்சம் தளர்ந்திருந்தது. கண் அவளையே பார்த்தது, பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. இன்னும் கொஞ்சம், உச்சியிலும் வரட்டும் என்று டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மறுபடி நிமிர்ந்தபோது அவன் வேறு சட்டையில் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. கை மடிப்பு கத்திபோல நின்றது, காலர் விறைப்பாக இருந்தது. அவனுக்குச் சட்டைக் கையைச் சுருக்கமில்லாமல் நீட்டக்கூடத் தெரியாது. நரைத்த தலையும் இஸ்திரிச் சட்டையுமாக ஆள் பார்க்க நன்றாக வேறு இருந்தான், யாரையோ திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்க வேறு செய்தான்.

'எந்தச் சிறுக்கி போட்டுக் குடுத்தா?'

அதற்குமேல் ஒரு நொடி அவளால் இருக்க முடியவில்லை. ஸ்விட்சை அணைத்தாள், இரண்டு பக்கத்துக் கவ்வியையும் விரலால் நெம்பினாள், ரேமைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள், ஸ்விட்சைப் போட்டாள். திரை பளிச்சென்று வந்தது. பஜார்ச் சத்தம் முழுசாக உள்ளே விழுந்தது. மேஜைக்கு அடியில் பூ வாட ஆரம்பித்தது, ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்தது, பெஞ்சில் இருந்த பெண்கள், எங்க வீட்டுக்காரர் வர இன்னும் நாள் கிடக்கே, இனி நாங்க எங்க போய் உக்கார என்று ஜெயக்கனியைப் பிடித்து ஏச ஆரம்பித்தார்கள். சுகிர்தா எதையும் காதில் வாங்காமல் பத்திரிகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தள்ளினாள். ஜெயக்கனியும் காதில் வாங்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள். இப்போது இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்களாக இருந்தார்கள்.

"சரியாயிட்டா? எது பழுது?" என்று கேட்டான் அவன்.

"அது கெடக்கட்டும். இந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது யாரு?"

"நாந்தான்."

"ஒங்களுக்கா இஸ்திரி போடத் தெரியும்?"

"நீ இல்லாம எத்தன வருசம் கசங்கினதப் போட்டுக்கிட்டுத் திரியது? படிச்சிக்கிட்டேன்" என்றான். அவள் நம்பவில்லை. காதைப் பார்த்தாள், சிவக்கவில்லை, இருந்தாலும் நம்பவில்லை. அவன் தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினான். முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், இஸ்திரிப்பெட்டி முழு அளவுக்கு, மூக்கும் முழியுமாகக் கருகியிருந்தது. ஒரு பெண்பிள்ளை கை பட்டிருந்தால் இப்படிக் கருக விட்டிருப்பாளா என்று ஜெயக்கனி ஒரு தடவை யோசித்தாள், விட்டிருக்கவே மாட்டாள் என்று தீர்மானித்தாள், ஏசுகிறவர்களுக்கு நடுவில் தலையை நிமிர்த்தி, அந்தக் கருகலையே பார்த்துக்கொண்டு அவன் பின்னால் வீட்டுக்கு நடந்தாள்.